கடல் கடந்து சென்ற மகள்

நான் காஞ்சிபுரத்தைச் சேர்ந்தவன். பிள்ளையார்பாளையத்தில் ஒரு நெசவாளர் குடும்பத்தில் பிறந்து, அவ்வூரிலேயே முப்பத்திரண்டு ஆண்டுகள் பள்ளி மாணவர்க்கு விஞ்ஞானம் கற்பித்து ஓய்வு பெற்றவன். 1958-ஆம் ஆண்டில், பத்தொன்பதாம் வயதில், தன்னந்தனியே அமெரிக்கா சென்று, மார்பகப் புற்றுநோய் ஆராய்ச்சியில் தம் வாழ்நாளைச் செலவிட்ட ஷியாமளா கோபாலன் என்னும் தமிழ்ப் பெண்மணியைப் பற்றி இன்று பேச வந்திருக்கிறேன். அவரை நான் நேரில் கண்டவன் அல்லேன். அவர் எங்கள் ஊரினரும் அல்லர். ஆயினும் அவரைப் பற்றிப் பேச வேண்டிய கடமை ஒன்று எனக்கு உண்டு. அக்கடமை எங்கள் வீட்டுத் தறியிலிருந்து தொடங்குகிறது.

காஞ்சிபுரம் பட்டுச் சேலையின் தனிச் சிறப்பு கோர்வை என்பதை உங்களில் பலர் அறிந்திருப்பீர்கள். சேலையின் உடல் ஒரு நிறம். கரை வேறொரு நிறம். இரண்டுக்கும் தனித்தனி ஊடை ஓட்டி, அவை சந்திக்கும் இடத்தில் ஒன்றோடொன்று கோத்து நெய்வதே கோர்வை. இதற்கு மூன்று நாடாக்கள் வேண்டும். ஒருவரால் மட்டும் இவ்வேலை நடவாது. நெசவாளி தறியில் அமர்ந்து நெய்ய, பக்கத்தில் அமர்ந்து ஒரு கரைக்கு நாடா தள்ள இன்னொருவர் வேண்டும். எங்கள் வீட்டில் தந்தையார் நெய்தார். அவருக்குத் துணையாக நாடா தள்ளியவள் என் அக்கா.

பள்ளிக்குச் செல்லுமுன் ஒரு வேளை, பள்ளி விட்டு வந்தபின் ஒரு வேளை என அவள் தறியில் அமர்வாள். அப்படியிருந்தும், 1968-ஆம் ஆண்டில், பள்ளி இறுதித் தேர்வில் கணக்கிலும் விஞ்ஞானத்திலும் தன் வகுப்பிலேயே முதல் மதிப்பெண் பெற்றாள். அவளுடைய ஆசிரியை ஒருவர் எங்கள் வீடு தேடி வந்து, "இந்தப் பெண்ணைக் கல்லூரியில் சேர்க்க வேண்டும்" என்று தந்தையாரிடம் கேட்டுக்கொண்டார். தந்தையார் அவரை மரியாதையுடன் அமரச் செய்து, மோர் கொடுத்து, "இவள் எழுந்து போனால் தறி நின்றுவிடும், அம்மா" என்றார். அவ்வளவுதான். பேச்சு முடிந்தது. அப்பொழுது எனக்கு வயது பதினான்கு. திண்ணையில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். இரண்டு ஆண்டுகள் கழித்து என்னைக் கல்லூரிக்கு அனுப்பினார்கள். எனக்குரிய கட்டணம் அக்கா தள்ளிய நாடாவிலிருந்து வந்தது. தந்தையாரைக் குறை கூறுவதற்காக நான் இதைச் சொல்லவில்லை. கூலி நெசவாளிக்கு ஒரு கோர்வை ஆளை வைத்துக்கொள்ளும் வசதி ஏது? ஆனால் நடந்தது அதுதான்.

ஆண்டுகள் பல உருண்டோடின. 2011-ஆம் ஆண்டில், அக்காவுக்கு அறுபது வயதானபோது, மார்பில் ஒரு கட்டி தென்பட்டது. எங்கள் ஊரையடுத்த காரப்பேட்டையில் அரசுப் புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. அங்கே கட்டியை அகற்றிச் சோதனைக்கு அனுப்பினார்கள். வந்த அறிக்கையில் இரண்டு வரிகளுக்கு அடிக்கோடு இட்டிருந்தது. ஈஸ்ட்ரோஜன் ஏற்பி உண்டு. புரோஜெஸ்ட்ரோன் ஏற்பி உண்டு. "இவ்விரண்டும் இருப்பது நல்லதே, மாத்திரையால் கட்டுப்படுத்த வழியிருக்கிறது" என்றார் மருத்துவர். விஞ்ஞான ஆசிரியனாகிய எனக்கு அவ்வரிகளின் பொருளை முழுமையாக அறிய வேண்டும் என்று தோன்றியது. மருத்துவம் பயின்ற என் பழைய மாணவி ஒருத்தி, பழைய ஆராய்ச்சிக் கட்டுரைகள் சிலவற்றின் படிகளைக் கொண்டுவந்து தந்து, பொறுமையாக விளக்கினாள். அக்கட்டுரைகளில் ஒரு பெயர் திரும்பத் திரும்ப வந்தது: ஜி. ஷியாமளா. ஸ்மித், ஜோன்ஸ் என்னும் பெயர்களுக்கு இடையே, தந்தையின் பெயரை முதலெழுத்தாக முன்னே வைத்த அப்பெயரைக் கண்டதும், 'இது நம்மவர் பெயராயிற்றே!' என்று வியந்து என் குறிப்பேட்டில் எழுதி வைத்தேன். அப்பெயருக்குரியவர் யார் என்பதை அப்போது நான் அறிந்தேனில்லை.

ஒன்பது ஆண்டுகள் கழித்து, 2020-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அது விளங்கிற்று. அமெரிக்கத் துணை அதிபர் பதவிக்கு வேட்பாளராக அறிவிக்கப்பட்ட கமலா ஹாரிஸ், உலகமே கேட்ட ஒரு சொற்பொழிவில், தம் குடும்பத்தினரைப் பெயர் சொல்லி நினைவுகூர்ந்தபோது, 'சித்திகள்' என்னும் தமிழ்ச் சொல்லைப் பயன்படுத்தினார். நம் நாட்டுச் செய்தித்தாள்கள் எல்லாம் அதைப் பாராட்டி எழுதின. அவருடைய தாயார் ஷியாமளா கோபாலன், புற்றுநோய் விஞ்ஞானி, சென்னையில் பிறந்தவர் என்ற செய்தியும் உடன் வந்தது. நான் எழுந்து சென்று பழைய குறிப்பேட்டை எடுத்துப் பார்த்தேன். ஜி. ஷியாமளா என்றால் கோபாலன் மகள் ஷியாமளா! மகளின் அரசியலைப் பற்றிப் பேசுவது இங்கே என் நோக்கமன்று. தாயாரின் வாழ்வைத்தான் உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

ஷியாமளா 1938-ஆம் ஆண்டில் பிறந்தார். தந்தையார் பி. வி. கோபாலன், மன்னார்குடிக்கு அருகிலுள்ள ஊரைப் பூர்வீகமாகக் கொண்டவர். மத்திய அரசுப் பணியில் இருந்தவர். தாயார் ராஜம். ஷியாமளாவே மூத்த மகள். அவருக்குப்பின் ஒரு தம்பியும் இரு தங்கையரும் பிறந்தனர். தந்தையாரின் பணி மாற்றத்தால் குடும்பம் சென்னை, டில்லி, பம்பாய், கல்கத்தா என ஊர் ஊராக மாறிக்கொண்டிருந்தது. ஷியாமளாவுக்குக் கருநாடக இசையில் நல்ல தேர்ச்சி இருந்தது. இளமையிலேயே இசைப் போட்டியில் பரிசு பெற்றவர். டில்லியிலுள்ள லேடி இர்வின் கல்லூரியில் மனையியல் பயின்று பட்டம் பெற்றார். வீட்டைச் செம்மையாக நடத்துவதற்குப் பெண்களைப் பழக்கும் படிப்பு என்றே மனையியலை அந்நாளில் பலர் கருதினர். அப்படிப்பிலிருந்துதான் அவர் உணவியலுக்கும், உடலில் ஹார்மோன்கள் செயற்படும் முறையை ஆராயும் இயலுக்கும் வழி கண்டார்.

வீட்டார் எதிர்பாராத வகையில் அவர் அமெரிக்காவின் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்தார். பெர்க்கிலி என்னும் ஊரில் உள்ளது அப்பல்கலைக்கழகம். இடம் கிடைத்துவிட்டது. அப்பொழுது அவர்தம் பெற்றோர் செய்த முடிவை நான் பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். தங்கள் ஓய்வுக் காலத்துக்கென்று சேர்த்து வைத்திருந்த பணத்தில் ஒரு பகுதியை எடுத்து, மகளின் முதலாண்டுச் செலவுக்குக் கொடுத்தார்கள். நான்கு மக்களைப் பெற்ற அரசு ஊழியர் ஒருவர், 1958-ஆம் ஆண்டில், மணமாகாத மகளின் கல்விக்காகத் தம் முதுமைக்கால உடைமையைச் செலவிட்டார். அந்தத் தந்தைக்கும் என் தந்தைக்கும் இடையே இருந்த வேறுபாடு செல்வத்தில் பெரியது என்பதை மறுக்கவில்லை. எனினும் கோபாலனுக்கும் அது எளிய முடிவாக இருந்திராது என்றே எண்ணுகிறேன்.

அந்நாளைய நிலையைச் சற்று நினைத்துப் பாருங்கள். 1960-ஆம் ஆண்டில் அமெரிக்க நாடு முழுவதிலும் இந்தியாவில் பிறந்தவர்கள் ஏறத்தாழ 12,000 பேரே. அங்கே நிலையாகக் குடியேற ஆண்டுக்கு நூறு இந்தியர்க்கே இடம் என்று 1946-ஆம் ஆண்டுச் சட்டம் வரையறுத்திருந்தது. 1965-ஆம் ஆண்டுச் சட்டம் வந்த பின்னரே அந்தத் தடை நீங்கிற்று. அங்கிருந்து தாய் தந்தையரோடு பேசுவதற்குத் தொலைபேசி எளிதில் கிட்டாது. நீல நிற விமானக் கடிதத்தில், மடிக்கும் விளிம்பு வரை நுணுக்கி எழுதி அனுப்பிவிட்டு, மறுமொழிக்கு நாட்கணக்கில் காத்திருக்க வேண்டும். பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி அத்தகைய தொலைவுக்குத் தனியே சென்றாள்.

1964-ஆம் ஆண்டில் உணவியலிலும் ஹார்மோன் இயலிலும் அவர் டாக்டர் பட்டம் பெற்றார். முழுக் கோதுமை மாவிலிருந்து, புரதத்தின் செரிமானத்தைத் தடுக்கும் ஒரு பொருளைப் பிரித்துத் தூய்மைப்படுத்துவதே அப்பட்டத்துக்காக அவர் செய்த ஆராய்ச்சி. மனையியல் வகுப்பிலிருந்து வந்தவர்க்குக் கோதுமை மாவே முதல் ஆராய்ச்சிப் பொருளாக அமைந்தது. அதற்கு முந்திய ஆண்டில், ஜமைக்கா நாட்டிலிருந்து பொருளாதாரம் பயில வந்திருந்த டொனால்ட் ஹாரிஸ் என்பவரை மணந்திருந்தார். வெவ்வேறு இனத்தார் மணம் புரிவதை அக்காலத்தில் அமெரிக்க மாநிலங்கள் பல சட்டத்தால் தடுத்திருந்தன; 1967-ஆம் ஆண்டில்தான் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அத்தடையை நாடெங்கும் நீக்கியது. கலிபோர்னியாவில் தடை முன்னரே நீங்கியிருந்தது. டாக்டர் பட்டம் பெற்ற அதே 1964-ஆம் ஆண்டு அக்டோபரில் மூத்த மகள் கமலாவும், 1967-ஆம் ஆண்டு ஜனவரியில் இளைய மகள் மாயாவும் பிறந்தனர். மூத்த மகளின் பேறுகாலம் நெருங்கும் வரை அவர் ஆராய்ச்சிக் கூடத்திலேயே வேலை செய்துகொண்டிருந்தார்.

1970-களின் தொடக்கத்தில் அந்த மண வாழ்வு முறிந்தது. இரு பெண் குழந்தைகளை வளர்க்கும் பொறுப்புத் தாயார்மீது விழுந்தது. அயல்நாடு, தாய் வீடோ கடலுக்கு அப்பால். ஆராய்ச்சி வேலையோ நேரம் காலம் பார்ப்பதன்று. சுண்டெலிகளின் திசுவை எடுத்துச் சோதனையைத் தொடங்கிவிட்டால், மணி ஐந்தாயிற்று என்று எழுந்துவிட முடியாது. இந்நிலையில் அவருக்குத் துணை நின்றவர் ஷெல்டன் என்னும் கறுப்பின அம்மையார். அவர் ஒரு குழந்தைகள் காப்பகம் நடத்தி வந்தார். அதற்கு மேல்மாடியில்தான் ஷியாமளா குடியிருந்தார். பள்ளி விட்டதும் சிறுமியர் அவரிடம் செல்வர். தாயார் வரும்வரை உணவும் பாதுகாப்பும் அங்கே கிடைத்தன. கமலா ஹாரிஸ் பிற்காலத்தில் உயர் பதவிகள் ஏற்றபோது, தம் இரண்டாம் தாயாகக் கருதிய அந்த அம்மையாரின் விவிலிய நூலின்மீது கைவைத்து உறுதிமொழி எடுத்துக்கொண்டார்.

வேலைநாள்களில் இப்படி, வார இறுதியிலோ மகளிர் இருவரையும் ஷியாமளா ஆராய்ச்சிக் கூடத்துக்கே அழைத்துச் சென்றுவிடுவார். சோதனைக் குழாய்களைக் கழுவும் வேலையைச் சிறுமியிடம் ஒப்படைப்பார். அக்குழாய்கள் கழுவிய மகள் விஞ்ஞானியாகவில்லை. மகளிர் இருவரும் சட்டம் பயின்றனர். ஆயினும் தாயார் ஒன்றைக் கூர்ந்து நோக்குவதும், எழுதி வைப்பதும், மறுபடி செய்து பார்ப்பதும் எப்படி என்பதை அருகிலிருந்து பார்த்து வளர்ந்தார்கள். வீட்டிலோ இட்டலியும் இசையும் இருந்தன. தாம் விட்டுவந்த நாட்டின் சுவையை மக்கள் மறவாதிருக்கும்படி அவர் பார்த்துக்கொண்டார்.

இனி அவருடைய ஆராய்ச்சியைச் சற்று விளக்குகிறேன். மாணவர்கள் இதைக் கவனமாகக் கேட்க வேண்டும். நம் உடலில் சில சுரப்பிகள் ஹார்மோன்களைச் சுரந்து குருதியில் கலக்கின்றன. குருதி உடல் முழுவதும் ஓடுகிறது. ஆகவே ஹார்மோனும் எல்லா உறுப்புகளுக்கும் செல்கிறது. ஆனால் எல்லா உறுப்புகளும் அதற்கு இணங்குவதில்லை. ஏன்? தபால்காரர் தெரு முழுவதும் நடக்கிறார். கடிதம் எந்த வீட்டு விலாசத்துக்கு உரியதோ அந்த வீட்டார்தான் வாங்கிக்கொள்வார்கள். அதுபோல, குறிப்பிட்ட ஹார்மோனை அடையாளம் கண்டு பற்றிக்கொள்ளும் புரதம் எந்த உயிரணுவில் இருக்கிறதோ, அந்த உயிரணுவே அதன் ஆணைக்கு இணங்கும். அப்புரதத்துக்கு ஏற்பி என்று பெயர். ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்ட்ரோன் ஆகிய ஹார்மோன்களின் ஏற்பிகள் உயிரணுவுக்குள்ளேயே இருக்கின்றன. ஹார்மோனைப் பற்றியதும் அவை உட்கருவில் உள்ள மரபணுக்களோடு இணைந்து, சிலவற்றைத் தூண்டிவிடுகின்றன.

இவ்வியல் வளர்ந்துகொண்டிருந்த தொடக்கக் காலத்திலேயே ஷியாமளா இதில் ஈடுபட்டார். 1969-ஆம் ஆண்டில் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஜாக் கோர்ஸ்கி என்னும் விஞ்ஞானியோடு சேர்ந்து, எலியின் கருப்பையில் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி செயற்படும் விதம் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். பின்னர் அவர் கவனம் மார்பகத் திசுவிலுள்ள புரோஜெஸ்ட்ரோன் ஏற்பியின்மீது சென்றது. 1976-ஆம் ஆண்டில் மகளிரோடு கனடா நாட்டின் மான்ட்ரியல் நகருக்குக் குடிபெயர்ந்து, அங்குள்ள லேடி டேவிஸ் ஆராய்ச்சி நிலையத்திலும் மக்கில் பல்கலைக்கழகத்திலும் பதினாறு ஆண்டுகள் பணியாற்றினார். 1979-ஆம் ஆண்டில் சாண்ட்ரா ஹாஸ்லம் என்பவரோடு அவர் வெளியிட்ட கட்டுரை, சுண்டெலியின் மார்பகத்தில் இந்த ஏற்பியின் அளவு எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை என்று காட்டியது. கன்னி நிலையில் ஓர் அளவு; கருவுற்ற நிலையில் வேறு; பால் சுரக்கும் காலத்திலோ அது காணப்படுவதே இல்லை. ஹார்மோன் சொல்வதை எப்போது கேட்பது, எப்போது கேளாதிருப்பது என்பதை அத்திசு தன் நிலைக்கேற்ப மாற்றிக்கொள்கிறது என்பது இதனால் தெளிவாயிற்று.

இத்தகைய ஆராய்ச்சியால் நோயாளிக்கு என்ன பயன் என்று நீங்கள் கேட்கலாம். மார்பகப் புற்றுநோய்களில் மூன்றில் இரண்டு பங்கிற்கு மேற்பட்டவை இவ்வகை ஏற்பிகளை உடையவை. அவை ஹார்மோனின் தூண்டுதலால் வளர்பவை. ஈஸ்ட்ரோஜன் செயற்பட்டதன் விளைவாகவே பெரும்பாலும் புரோஜெஸ்ட்ரோன் ஏற்பி தோன்றுவதால், பின்னது இருந்தால் முன்னதும் செயற்படுகிறது என்று ஊகிக்கலாம். அத்தகைய கட்டிக்கு ஹார்மோனின் வழியை அடைக்கும் மருந்து பயன்படும். ஏற்பி இல்லாத கட்டிக்கு அம்மருந்து பயன்படாது; வேறு வழி தேட வேண்டும். ஆகவேதான் இன்று கட்டியை ஆராயும்போது இவ்விரு ஏற்பிகளையும் தேடுகிறார்கள். இந்த அறிவு ஒருவரால் மட்டும் வந்ததன்று. பல நாடுகளில் பல விஞ்ஞானியர் பல்லாண்டுகள் உழைத்துச் சேர்த்தது. அந்தப் பலருள் ஒருவர் ஷியாமளா. என் அக்கா ஐந்தாண்டுகள் நாள்தோறும் ஒரு மாத்திரை உட்கொண்டாள். 2016-ஆம் ஆண்டில் மருத்துவர் "இனி வேண்டாம்" என்றார். இன்றும் அவள் நலமாக இருக்கிறாள்.

கனடாவிலிருந்து அவர் மீண்டும் கலிபோர்னியா திரும்பி, லாரன்ஸ் பெர்க்கிலி தேசிய ஆராய்ச்சிக் கூடத்தில் தம் இறுதிப் பணிக்காலத்தைக் கழித்தார். புரோஜெஸ்ட்ரோன் ஏற்பிக்கு இரண்டு வடிவங்கள் உண்டு. அவற்றின் இயல்பான விகிதத்தைக் குலைத்தால் மார்பகத்தின் வளர்ச்சியே முறை தவறிவிடுகிறது என்பதை, மரபணு மாற்றிய சுண்டெலிகளைக் கொண்டு 1998-ஆம் ஆண்டில் அவரும் அவருடன் பணியாற்றியவர்களும் காட்டினார்கள். அப்போது அவருக்கு வயது ஐம்பத்தொன்பது. 1969-இல் வந்த கட்டுரையிலும், 1998-இல் வந்த கட்டுரையிலும் அவர் பெயர் ஜி. ஷியாமளா என்றே இருக்கிறது. மணம், மணமுறிவு, நாடு மாற்றம் ஆகிய யாவும் நேர்ந்தும், விஞ்ஞான உலகில் தந்தையின் முதலெழுத்தை அவர் விடவில்லை.

பிறந்த வீட்டோடும் அவர் தொடர்பு அறவில்லை. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மகளிரை அழைத்துக்கொண்டு இந்தியா வருவார். தந்தையார் கோபாலன், 1960-களில் அரசுப் பணியாக ஆப்பிரிக்காவின் ஜாம்பியா நாட்டில், அகதிகளுக்கு உதவும் பொறுப்பில் இருந்தபோது, அங்கேயும் பேத்தியர் சென்றனர். ஓய்வு பெற்றபின் கோபாலன் சென்னை பெசன்ட் நகரில் வாழ்ந்தார். காலையில் தம் நண்பர்களோடு கடற்கரையில் உலாவச் செல்லும்போது பேத்தியையும் உடன் அழைத்துச் செல்வார். முதியோர் நாட்டு நிலைமையைப் பற்றி வாதிடுவர். சிறுமி கேட்டுக்கொண்டே நடப்பாள். பின்னொரு நாளில் உலகரங்கில் ஒலித்த 'சித்தி' என்னும் சொல் அவ்வாறு வந்து வந்து போனதால் நிலைத்த சொல்.

2009-ஆம் ஆண்டு பிப்ரவரி 11-ஆம் நாள், தம் எழுபதாம் வயதில், ஷியாமளா ஓக்லண்ட் நகரில் காலமானார். வாழ்நாளெல்லாம் ஒருவகைப் புற்றுநோயை ஆராய்ந்தவர் பெருங்குடலில் தோன்றிய மற்றொரு வகைப் புற்றுநோயால் மறைந்தார். மலர் வளையத்துக்குப் பதிலாக மார்பகப் புற்றுநோயாளர்க்கு உழைக்கும் ஓர் அமைப்புக்கு நன்கொடை அளிக்குமாறு வேண்டிக்கொள்ளப்பட்டது. அவ்வாண்டிலேயே மகள் அவருடைய அஸ்தியைச் சென்னைக்குக் கொண்டுவந்து கடலில் கரைத்தார். என் அக்காவின் கையில் அந்த அறிக்கை வந்தபோது, அவர் மறைந்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.

நேயர்களே, வீட்டைவிட்டு அவ்வளவு தொலைவு சென்ற பெண்ணைக் குடும்பப் பற்று உடையவர் என்று சொல்லலாமா என்று எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வியே. கல்விக்காக ஊர்விட்டு ஊர் செல்வது காஞ்சிக்குப் புதியதன்று. கடம்ப மரபைத் தோற்றுவித்த மயூரசர்மன், மாணவனாயிருந்தபோது காஞ்சியின் கடிகைக்குக் கல்வி கற்க வந்ததைத் தாளகுந்தாக் கல்வெட்டுக் கூறுகிறது. காஞ்சியில் பிறந்த தர்மபாலர் நாலந்தாவுக்குச் சென்று அதன் தலைவரானார். அவர்களைக் குடும்பப் பற்று அற்றவர் என்று யாரும் சொல்லவில்லை. பெண் செல்லும்போதுதான் அந்தக் கேள்வி எழுகிறது.

போலந்து நாட்டிலிருந்து பாரிஸ் சென்ற மேரி கியூரி அம்மையாரின் கதையும் இங்கே நினைக்கத்தக்கது. அக்காள் புரோனியா மருத்துவம் பயில, தங்கை மேரி வீட்டாசிரியை வேலை செய்து பணம் அனுப்பினார். அக்காள் நிலைபெற்றதும் 1891-இல் தங்கையைப் பாரிசுக்கு அழைத்துக்கொண்டார். இருவரும் ஒருவர்க்கொருவர் வழிவிட்டனர், இருவரும் உயர்ந்தனர். கோபாலன் வீட்டில் பெற்றோரின் சேமிப்பு. பெர்க்கிலியில் ஷெல்டன் அம்மையாரின் காப்பகம். விஞ்ஞானத்தில் ஈடுபட்ட பெண்ணின் பின்னே, கோர்வைத் தறியில் போல, மறுகரையில் நாடா தள்ள யாரேனும் ஒருவர் இருந்திருக்கிறார். எங்கள் வீட்டில் அந்த ஆள் என் அக்கா, தள்ளியது எனக்காக. அவளுக்காகத் தள்ள யாரும் இருந்ததில்லை.

நான் ஓய்வு பெற்ற பின்னரும் என்னிடம் பாடம் கேட்க வரும் பிள்ளைகள் உண்டு. சென்ற ஆண்டில், பன்னிரண்டாம் வகுப்பு முடித்த ஒரு பெண் வந்தாள். வெளியூரில் விஞ்ஞானப் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. வீட்டில் அனுப்பத் தயங்குகிறார்கள். "ஐயா, நான் போனால் வீட்டை மறந்தவள் என்பார்களே?" என்று கேட்டாள். நான் ஷியாமளா அம்மையாரின் வாழ்வைச் சொல்லத் தொடங்கினேன். அடுத்த அறையில் பூத்தொடுத்துக்கொண்டிருந்த அக்கா எழுந்து வந்தாள். "தம்பி, கதையைப் பிறகு சொல்லலாம். இவள் அப்பாவிடம் நீ வந்து பேசு. நானும் வருகிறேன்" என்றாள். அன்று மாலையே இருவரும் சென்றோம். நான் விஞ்ஞானத்தைப் பற்றிப் பேசினேன். அக்கா அந்தத் தந்தையிடம், "உங்கள் வீட்டுத் தறி எனக்குத் தெரியும். துணையாள் இல்லாமல் என்ன கஷ்டம் என்பதும் தெரியும். ஆனாலும் அனுப்புங்கள்" என்று மட்டும் சொன்னாள். அப்பெண் இன்று கல்லூரியில் பயில்கிறாள். வாரந்தோறும் வீட்டுக்குத் தொலைபேசியில் பேசுகிறாள்.

அன்று வீடு திரும்பும் வழியில், ஐம்பதாண்டுகளுக்கு மேலாக என் மனத்தில் இருந்ததை அக்காவிடம் கேட்டேன். "அந்த ஆசிரியை வந்தபோது உனக்காக நான் ஒரு வார்த்தை பேசியிருக்க வேண்டும், இல்லையா?" அவள் சற்று நேரம் பேசாமல் நடந்தாள். பிறகு, "நீ பேசியிருந்தாலும் அப்பா அனுப்பியிருக்க மாட்டார், தம்பி. ஆனால் நீ பேசியிருந்தாய் என்பது எனக்கு இருந்திருக்கும்" என்றாள்.

மாணவிகளே, உங்களுக்குக் கல்வியில் நாட்டம் இருந்தால் கேளுங்கள், தயங்காமல் கேளுங்கள். வீட்டை விட்டுச் செல்வதும் வீட்டை மறப்பதும் ஒன்றல்ல என்பதற்கு ஷியாமளா அம்மையாரின் வாழ்வே சான்று. மாணவர்களே, உங்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் வீட்டிலும் ஓர் அக்காளோ தங்கையோ இருக்கக்கூடும். அவளுடைய படிப்பைப் பற்றிப் பெரியவர்கள் முடிவு செய்யும் நாளில், திண்ணையில் அமர்ந்து கேட்டுக்கொண்டு மட்டும் இராதீர்கள். எழுந்து உள்ளே சென்று பேசுங்கள். நான் அதைச் செய்யவில்லை.